அணைந்தபெருமாள் அண்ணாச்சியின் வேட்டிகள்

இல்லை, 'தந்தை' என்று எழுத மாட்டேன்.

'ஆற்றுத் துணித் திட்டத்தின் தந்தை' என்றுதான் கேட்டார்கள். தலைப்பு தயாராக இருந்தது. படமும் தயாராக இருந்தது. நடுவில் நிரப்ப ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்தத் திட்டத்தில் நான் மொழிபெயர்ப்பாளர். அண்ணாச்சி பேசியதை வெளிநாட்டவர்களுக்கும் அவர்கள் பேசியதை அண்ணாச்சிக்கும் சொன்னவள். ஆகவே நானே எழுதுவது பொருத்தம் என்று கம்பெனி முடிவு செய்தது.

கம்பெனி கேட்ட கட்டுரை இது இல்லை. அண்ணாச்சியை அறிந்தவர்களுக்காகவும், இனிமேல் அவரைக் கம்பெனியின் நினைவு மலரில் மட்டும் பார்க்கப்போகிறவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

செய்தி வந்த காலையில் நான் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டை அலுவலகத்தில் இருந்தேன். திட்ட மேலாளர் பிரபாகர் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார். "அணைந்தபெருமாள் அண்ணாச்சி தவறிட்டாராம். தூக்கத்துலயே."

ஏசி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு பிரபாகர் எல்லோருக்கும் தேநீர் வரவழைத்தார். தேநீர் ஆறுவதற்குள் அவருக்கு ஒரு யோசனை வந்துவிட்டது.

"அவரு துணிமணிய எப்படியும் பாவநாசத்துல விடுவாங்கல்லா? அத நாம படம் எடுத்துருவோம். மகன் ஆத்துல விடுறாரு, நாம மீட்கிறோம், நூலாக்குறோம், பையாக்குறோம். ஸ்தாபகரோட வேட்டியிலருந்து முதல் பை. நினைவுப் பதிப்பு."

"நல்லாருக்கு சார்" என்றது ஒரு குரல்.

நான் தேநீரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். கழிவறைக்குப் போய் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணாச்சியின் உடல் அப்போது இன்னும் அவர் வீட்டுக் கட்டிலில்தான் கிடந்தது.

அண்ணாச்சி என்னிடம் சொல்லியிருந்தார். அவர் மனைவி பேச்சியம்மாள் மதினியிடமும் சொல்லியிருந்தார். பிரபாகரிடமே ஒரு கூட்டத்தில் சொன்னார். "நான் செத்தா எந் துணியில ஒரு நூலுகூட ஆத்துல விழக் கூடாது." அதை அவர் கடைசி ஆசை போலச் சொல்லவில்லை. கோபத்தில் சொன்னார். அதனால் அதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

*

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு விளக்கம்.

தாமிரபரணி மலையை விட்டு இறங்கும் இடம் பாவநாசம். அங்கே குளித்தால் பாவம் போகும் என்று வருகிறார்கள். குளித்த துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுக் கரையேறினால் பீடையும் அதோடு போய்விடும் என்று ஒரு வழக்கம். இறந்தவர்களின் துணியையும் கொண்டுவந்து விடுகிறார்கள். வேட்டி, சேலை, பேண்ட், உள்ளாடை. பாவம் போகிறதோ இல்லையோ, துணி போவதில்லை. பாறையில் மாட்டுகிறது. வேரில் சுற்றுகிறது. அடியில் சேறோடு சேர்ந்து அழுகுகிறது. நீந்துகிறவர்களின் காலைப் பிடிக்கிறது. அந்தத் தண்ணீரைத்தான் திருநெல்வேலி குடிக்கிறது. தூத்துக்குடி குடிக்கிறது. பாளையங்கோட்டையில் நானும் குடிக்கிறேன்.

திட்டம் இதுதான். ஆற்றிலிருந்து துணியை எடுப்பது. அதை அலசி, தரம் பிரித்து, பஞ்சாக்கி, மறுபடி நூலாக்கி, அந்த நூலில் பை நெய்வது. வடக்கு ஐரோப்பாவில் ஒரு பை நிறுவனம் வாங்கிக்கொள்ளும். அவர்கள் நாட்டு அரசு உதவி தரும். இங்கே வேலையை நடத்துவது ஒரு நூல் கம்பெனி; 'கம்பெனி' என்று நான் சொல்வது அதைத்தான். 'நீடித்த நுகர்வு, நீடித்த உற்பத்தி' என்று அலுவலகச் சுவரில் எழுதியிருக்கிறது. 'வணிகமும் நாடுகளும் ஓர் ஆற்றுக்காகக் கைகோக்கின்றன' என்று அடுத்த வரி. இரண்டையும் தமிழாக்கியவள் நான். அப்போது அவற்றை நம்பித்தான் எழுதினேன்.

எல்லாம் இருந்தது. ஆற்றிலிருந்து துணியை எடுத்துத் தரத்தான் ஆள் இல்லை. அதற்கு அண்ணாச்சி வந்தார்.

*

விக்கிரமசிங்கபுரத்தில் அவருக்கு ஒரு குடோன் இருந்தது. நூல் மில்லின் கழிவுப் பஞ்சை வாங்கி விற்று வளர்ந்தவர். பிறகு பழந்துணி; வெட்டிப் பட்டறைகளுக்கு விற்பார். முதல்முறை நான் போனபோது துணிமலைக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி. வெள்ளைச் சட்டை. இரண்டிலும் ஒரு புள்ளி அழுக்கு இல்லை.

"நீதான் இங்கிலீசு பேசுத பிள்ளையா?"

"ஆமா அண்ணாச்சி."

"பாளையங்கோட்டையா?"

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"சட்டையில இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரில்லா நிக்கி. பேரு?"

"ஹெலன்."

"வேதக்கோயில்ல பாடுவியோ?"

"சுமாரா."

"சரி. ஒண்ணு சொல்லிக்கிடுதேன். நான் ஏசுனா அதப் பாட்டா மாத்திச் சொல்லாத. ஏசுனது ஏசுனதாவே போய்ச் சேரணும்."

கடைசிவரை அப்படியே சேர்த்தேன். அவருக்கு நான் செய்த மரியாதை அது ஒன்றுதான்.

அவரை மகான் ஆக்கும் எண்ணம் எனக்கு இல்லை. வாய் மோசம். வேலையாட்களுக்குத் தேநீர் வாங்கிக் கொடுப்பதில் கஞ்சத்தனம். புகைப்படம் எடுக்கிறார்கள் என்றால் முதல் ஆளாய் நடுவில் போய் நிற்பார். ஒப்பந்தம் போட்டபோது வெளிநாட்டுப் பை நிறுவனத்தின் பிரதிநிதி அன்னிகாவோடு எடுத்த படத்தைச் சட்டம் போட்டுக் குடோனில் மாட்டியிருந்தார். வருகிறவர்களிடம், "பாத்தேரா, நம்ம பக்கத்துல நிக்கிறது யாரு?" என்று கேட்பார். லாபத்தைப் பற்றி அவருக்குக் கூச்சம் கிடையாது. "லாபம் இல்லாம நான் எதுக்குவே தண்ணியில எறங்குதேன்? சளி பிடிக்கவா?"

ஆனால் அவருக்கு அருவருக்கத் தெரியும். நான் படித்த இடங்களிலும் வேலை பார்த்த இடங்களிலும் அதைத் தெரிந்தவர்கள் குறைவு. எங்களுக்கு எல்லாமே 'சவால்'. எல்லாமே 'கற்றல்'. ஆற்றிலிருந்து வந்த முதல் குவியலைக் குடோன் வாசலில் கொட்டியபோது நாங்கள் அலுவலகத்திலிருந்து போய்ப் படம் எடுத்தோம். கறுத்து, வழவழத்து, நத்தை ஒட்டிய துணி. அண்ணாச்சி மூக்கைப் பொத்தவில்லை. முகம் சுருங்கியது. வாய் கோணியது. அடி வயிற்றிலிருந்து ஒரு சொல் வந்தது.

"சீ."

ஆயுள் முழுக்க அடுத்தவர் உடுத்திக் கழித்ததைத் தொட்டவர். அதில் அவருக்கு அருவருப்பு இல்லை. "இதத் தண்ணிக்குள்ள போட்டவன் கையால எப்படிவே சோறு உண்ணுதான்?" என்றார். இசக்கி சிரித்தான். இசக்கி, ஆற்றில் மூழ்கித் துணி எடுக்கும் ஆட்களின் தலைவன். "அண்ணாச்சி, போன ஆடியில நீங்களும் ஒரு வேட்டி விட்டிய" என்றான்.

"விட்டேன்லே. இனும விட மாட்டேன்."

*

கொடி கட்டும் யோசனை அவருடையது. அது எந்த அறிக்கையிலும் இல்லை.

ஆற்றில் இறங்கி எடுப்பதைவிட ஆற்றில் விழாமல் பார்ப்பது லேசு என்று அவருக்குத் தோன்றியது. ஈரத் துணி கனம். சேறு. அழுகல். அலசுகிற செலவு. காய்ந்த துணி என்றால் நேராகத் தரம் பிரிக்கலாம். வியாபாரக் கணக்குதான். படித்துறையின் மேல்படியில் இரண்டு தூண் நட்டு ஒரு நீளக் கம்பிக்கொடி கட்டினார். ஆனால் ஜனம் கேட்க வேண்டுமே.

படித்துறையில் சடங்கு செய்துவைக்கும் ஐயரிடம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

"சாமி, துணிய ஆத்துல விட்டாத்தான் போகுமா? ஆத்துத் தண்ணிய அள்ளித் துணிமேல தெளிச்சிட்டு, மேல கொடியில போட்டாப் போகாதா?"

ஐயர் யோசித்தார். "போகாதுன்னு எங்கயும் இல்ல."

"அப்ப போகும்னு சொல்லிருங்க."

"சொல்றேன். வெயில் மண்டையப் பொளக்கறது. எனக்கு மேல ஒரு தகரம் போட்டுக் குடும்."

தகரம் வந்தது. வழக்கம் மாறியது. நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் மாறியது. ஜனத்துக்கு எங்கேயாவது விட்டுவிட்டுப் போக ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். அண்ணாச்சியே சனி ஞாயிறுகளில் படியில் நின்று கத்துவார். "ஏலே, பாவத்த எங்க வேணும்னாலும் விடு. டவுசர இங்கன போடு! எக்கா, சேலைய இங்கன. தண்ணி தெளிச்சிட்டு, பைய, பைய, வழுக்கும்."

கொடியில் நிறங்கள் நிறைந்தன. ஆற்றின் அடி தெரிய ஆரம்பித்தது.

*

பிறகு வெளிநாட்டுக் குழு வந்தது.

பிரபாகர் அண்ணாச்சியிடம் சொன்னது இவ்வளவுதான். "அவங்க நேர்ல பாக்க வர்றாங்க அண்ணாச்சி. எல்லாம் தயாரா இருக்கணும்."

அதை அண்ணாச்சி இந்த ஊர்க்காரர் ஒருவர் எப்படி எடுத்துக்கொள்வாரோ அப்படி எடுத்துக்கொண்டார். விருந்தாளி வருகிறார்கள். வீட்டைக் கூட்ட வேண்டும். ஆள் வைத்து ஆற்றைச் சுத்தம் செய்தார். பாறையிடுக்கு, வேரடி, படிக்குக் கீழே, ஒன்றையும் விடவில்லை. நல்ல சட்டை ஒன்று தைத்துக்கொண்டார். ஒரு பெரிய பாத்திரம் நிறைய நன்னாரி சர்பத். எலுமிச்சம்பழத்தை மதினி பிழிந்தார்.

அன்று காலை பிரபாகர் முன்னதாக வந்து படியில் நின்று ஆற்றைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, துணி எங்க?"

"எடுத்தாச்சி."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான். அங்கன பாருங்க, மீனு தெரியுது."

"ஐயோ. துணி எடுக்கறதப் படம் எடுக்கத்தான அவங்க வர்றாங்க!"

"அதான் எடுத்திட்டம்லா. இல்லாததப் பெறவு எப்படி எடுப்பாவ?" அண்ணாச்சிக்கு உண்மையிலேயே புரியவில்லை. பெருமையாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பிரபாகர் கொடியைப் பார்த்தார். தன்னோடு வந்த ஆட்களிடம் கையை அசைத்தார். அவர்கள் கொடியிலிருந்த துணியை அள்ளினார்கள். படியிறங்கினார்கள். ஆற்றில் வீசினார்கள். சேலை, வேட்டி, ஒரு பள்ளிக்கூடச் சீருடை.

அப்போதுதான் குளித்துக் கரையேறியிருந்த ஒரு பெண் கத்தினார். "ஏய், அது எஞ் சேல! மேல போடு மேல போடுன்னு சொன்னிய. இப்ப நீங்களே ஆத்துல வீசுதிய?"

இசக்கி திரும்பி "அண்ணாச்சி?" என்றான்.

அண்ணாச்சியின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்தது. அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

குழு வந்தது. அன்னிகா முழங்காலுக்கு மேல் வரும் ரப்பர் காலணி போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். கேமரா அவரைத் தொடர்ந்தது. அந்தச் சேலை அவர் கையில்தான் அகப்பட்டது. நீர் சொட்டச் சொட்டத் தூக்கிப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. நிஜமான கண்ணீர்.

"இது யாரோ ஒருவரின் துயரம்" என்றார். நான் தமிழில் சொன்னேன்.

ஈரத் தலையோடு நின்ற அந்தப் பெண் என்னைப் பார்த்தார். "துயரமெல்லாம் ஒண்ணுமில்லம்மா. கல்யாணத்துக்கு எடுத்தது. சாயம் போயிட்டு."

அதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். படத்தில் அந்தப் பகுதி வரவில்லை.

சர்பத்தை அண்ணாச்சி குழுவுக்குக் கொடுக்கவில்லை. குளிக்க வந்தவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். குழு கார்களில் ஏறும்வரை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

*

மறுநாள் திருநெல்வேலி ஜங்ஷனுக்கு அருகே ஒரு ஓட்டலில் கூட்டம். நீள மேசை. தண்ணீர்ப் புட்டிகள். அண்ணாச்சி என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்தம்மாகிட்டச் சொல்லு. நேத்து அவிய எடுத்தது ஆத்துத் துணி இல்ல. கொடித் துணி. கொடியில கெடந்ததத் தூக்கி ஆத்துல போட்டு, அதத் திரும்ப எடுக்கச் சொன்னாவ."

"ஹெலன், அதச் சொல்லாதீங்க" என்றார் பிரபாகர், புன்னகை மாறாமல்.

சொன்னேன்.

அன்னிகாவின் முகம் சிவந்தது. பிரபாகரைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். பிறகு மெதுவாக விளக்கினார். நடந்தது தவறு, மன்னிப்புக் கேட்கிறார். ஆனால் ஒன்றை அண்ணாச்சி புரிந்துகொள்ள வேண்டும். அவர் நாட்டில் அந்தப் பையை வாங்குகிறவர்கள், அது ஆற்றிலிருந்து வந்தது என்பதற்காக வாங்குகிறார்கள். பையில் தொங்கும் சான்றிதழ் அட்டை அதைத்தான் சொல்கிறது. கொடியிலிருந்து வருவது வெறும் பழந்துணி. பழந்துணி அவர்கள் ஊரிலேயே மலை மலையாக இருக்கிறது. கொடியை நிறுத்த வேண்டாம். ஆனால் ஆற்றிலிருந்து வரும் அளவு குறையாமல் பார்த்துக்கொள்ள முடியுமா?

நான் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லச் சொல்ல அண்ணாச்சி தலையாட்டிக்கொண்டே வந்தார். கடைசி வாக்கியத்தில் தலை நின்றது.

"திருப்பிச் சொல்லு."

திருப்பிச் சொன்னேன்.

"அப்ப ஆறு சுத்தமானா இவியளுக்கு நட்டம். கேளு. மெத்துமெத்துன்னு கேக்காத."

கேட்டேன். அன்னிகா, "இந்தப் பையைப் பொறுத்தவரை, ஆம்" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. ஒரு பொய் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நல்ல படிப்பு, நல்ல மனம், நல்ல பயிற்சி பெற்ற குரல். அந்தக் குரலில் 'ஆம்' என்கிறார். மேசையைச் சுற்றி எல்லோரும் குறிப்பெடுத்துக்கொள்கிறார்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வாய் கசக்கிறது.

அண்ணாச்சி எழுந்தார். "நானும் கழிவு விக்கிறவன்தான். எனக்கும் கழிவு வேணும். அதுக்காவ எவன் வீட்டுக் கொடியில கெடக்க துணியையும் நான் சேத்துல போட்டு மிதிச்சதில்ல. சொல்லிரு பிள்ள. இனும எங் குடோன்லருந்து ஒரு கட்டு வராது." வாசல்வரை போனவர் திரும்பினார். "பேப்பர்ல, பொஸ்தவத்துல எம் பேரப் போடக் கூடாது. நான் செத்தா எந் துணியில ஒரு நூலுகூட ஆத்துல விழக் கூடாது. எடுத்துப் பையி தச்சிருவானுவ."

கடைசி வாக்கியத்துக்கு மேசையில் சிரித்தார்கள். நகைச்சுவை என்று நினைத்தார்கள்.

*

கம்பெனிக்கு வேறு ஒப்பந்தக்காரர் கிடைத்தார். கொடித் துணியைக் கொஞ்சம் தள்ளிக் கீழே கொண்டுபோய் நனைத்து எடுப்பது நடைமுறை ஆயிற்று. பிறகு அந்தச் சிரமமும் வேண்டாம் என்று படித்துறையை அழகுபடுத்தினார்கள். கொடி போயிற்று. அந்த இடத்தில் ஒரு பலகை வந்தது. 'உங்கள் துணியை ஆற்றுக்கு அர்ப்பணியுங்கள். உலகத்துக்காக நாங்கள் மீட்கிறோம்.' அதை மொழிபெயர்க்கச் சொன்னபோது மறுத்தேன். யாரோ செய்தார்கள். எனக்கு வேலை தேவையாக இருந்தது, அதனால் அங்கேயே இருந்தேன்.

அண்ணாச்சி கயிறு வாங்கிவந்து இரண்டு மரங்களுக்கு நடுவே கொடி கட்டினார். அவிழ்த்தார்கள். கட்டினார். அவிழ்த்தார்கள். குடோனில் இருந்த அன்னிகா படத்தைக் கழற்றிச் சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டார். நெஞ்சில் வலி என்று மதினி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். திரும்பி வந்து மறுபடியும் கட்டினார். நான் விடுமுறை நாட்களில் போய்ப் பார்ப்பேன். குரல் கம்மிப்போயிருந்தது. "ஏலே, டவுசர..." என்று ஆரம்பித்து இருமுவார். சிலர் கொடியில் போட்டார்கள். பலர் பலகையைப் படித்துவிட்டு ஆற்றில் விட்டார்கள். பலகை அழகாக இருந்தது.

அவரை நான் கடைசியாகப் பார்த்த அன்று படித்துறைக்குப் போகும் வழியில் புதிதாகக் கடைகள் வந்திருந்தன. ஆற்றில் விடுவதற்கென்றே வேட்டி. மெல்லிய பாலியெஸ்டர், கண்ணாடித் தாள் போலப் பளபளப்பு. அதை வாங்கி, பிரித்து, தோளில் ஒருமுறை போட்டுவிட்டு ஆற்றில் விட்டார்கள். சொந்தத் துணி மிச்சம். கம்பெனிக்கும் கொள்முதல் குறையவில்லை.

அண்ணாச்சி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"கட்டவே முடியாது பிள்ள. இடுப்புல நிக்காது. ஆத்துல போடுததுக்குன்னே நெய்ஞ்சிருக்கான்."

"ஆமா அண்ணாச்சி."

"ஆபீசு செவுத்துல என்னமோ எழுதி வச்சிருக்கியளே, நீடிச்ச உற்பத்தின்னு. அது இதுதானா?"

கடைக்காரர், "வாங்குதியளா, இல்ல தடவிக்கிட்டே இருப்பியளா?" என்றார். அண்ணாச்சி வேட்டியைக் கீழே வைத்தார். கையைத் தன் வேட்டியில் துடைக்கப்போனவர் துடைக்காமல் நிறுத்தினார். தெருக்குழாயைத் தேடிப்போய்க் கழுவினார். அந்தத் தண்ணீரும் அதே ஆற்றிலிருந்துதான் வருகிறது என்று நினைவு வந்ததோ என்னவோ, கையை உதறிக்கொண்டே நின்றார்.

*

இனி, வேட்டி.

காரியத்துக்கு முந்தைய நாள் பிரபாகர் என்னைக் காரில் விக்கிரமசிங்கபுரத்துக்கு அனுப்பினார். மகனிடம் பேசியாயிற்று, சென்னையில் வேலை பார்க்கும் ஒரே மகன், அப்பா பெயர் உலகம் முழுக்கப் போகும் என்றதும் சம்மதித்துவிட்டார். அம்மாவிடம் மட்டும் நான் 'பக்குவமாக' எடுத்துச் சொல்ல வேண்டும்.

மதினி உள்ளறையில் தரையில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் அண்ணாச்சியின் வேட்டிகள். கையில் கத்தரிக்கோல்.

"வா ஹெலனு. கதவச் சாத்து."

"மதினி, கம்பெனியில இருந்து..."

"தெரியும். எம் மவன் சரின்னுட்டான். சொந்தக்காரவளும் வழக்கம் வழக்கம்னு நிக்காவ. அத்தன பேருகிட்டயும் பேசி நான் ஜெயிக்கவா முடியும்? அதான் வெட்டுதேன். வேட்டின்னு ஒண்ணு இருந்தாத்தான ஆத்துல விடச் சொல்லுவாவ?"

கோணல் இல்லாமல் வெட்டிக்கொண்டிருந்தார். கைக்கு அடக்கமான சதுரங்கள். லேத்துப் பட்டறைகளில் எண்ணெய் துடைக்க அப்படித்தான் கேட்பார்களாம். "நல்ல பருத்தி. மசகு எண்ணெய நல்லா இழுக்கும்" என்றார், யாரோ வாடிக்கையாளரிடம் சொல்வது போல.

மடிப்புக் கலையாத ஒரு சட்டை கிடந்தது. வெளிநாட்டுக் குழுவுக்காகத் தைத்தது.

"இதையுமா?"

"அத மொதல்ல வெட்டு."

இன்னொரு கத்தரிக்கோல் இருந்தது. வெட்டினேன். நடுவில் ஒரு பழைய வேட்டியை எடுத்த மதினி அதை முகத்தோடு வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தார். "இதுல அவிய மணம் இருக்கு" என்றார். அதை மட்டும் தனியே எடுத்துவைப்பார் என்று நினைத்தேன். கரையைப் பிடித்து நேராக்கி, கத்தரிக்கோலை வைத்தார்.

*

படித்துறை. காலை. தண்ணீருக்குள் முக்காலி போட்டுக் கேமரா நின்றது. பிரபாகர் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். மகன் இடுப்பளவு நீரில் நின்றார்.

"துணியக் கொண்டாங்கோ" என்றார் ஐயர்.

மகன் அம்மாவைப் பார்த்தார்.

"துணி இல்ல."

"வீட்லயே விட்டுட்டு வந்துட்டேளா?"

"வெட்டிட்டேன்."

கூட்டம் முணுமுணுத்தது. அண்ணாச்சியின் மூத்த சகோதரர் படியில் தடியை ஊன்றினார். "ஏளா, என்ன காரியம் பண்ணிட்ட? புருசன் துணிய வெட்டுவாளா ஒருத்தி?"

"அவிய காலம் பூரா ஊரான் துணிய வெட்டி வித்துத்தான் எனக்குச் சோறு போட்டாவ அத்தான்" என்றார் மதினி. "அதுல வராத பாவம் இதுலயா வந்துரும்?"

பிரபாகர் என் காதருகே குனிந்தார். "ஒரு துண்டு? ஒரு கர்சீப்கூட இல்லையா?"

"இல்ல சார்."

"கடையில ஒண்ணு வாங்கிருவோம். ஷாட்டுக்குத்தான்."

வாங்கியே விட்டார். அந்தக் கடைகளில் ஒன்றிலிருந்து. விலைச் சீட்டைக் கிழித்துவிட்டு, தானே படியிறங்கி, பளபளக்கும் அந்த வேட்டியை மகனின் கையில் வைத்தார். கேமரா ஓடத் தொடங்கியது.

மகன் வேட்டியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்தார். அவர் குடோனில் வளர்ந்தவர். அதை யோசித்துச் செய்திருக்க மாட்டார். ஒருமுறை, மறுபடியும் ஒருமுறை தேய்த்தார். பிறகு நீட்டினார்.

"வேண்டாம் சார். எங்கப்பா வேட்டின்னு இத என்னால விட முடியாது."

"சும்மா ஒரு..."

"பிடிங்க சார்."

ஐயர் தொண்டையைச் செருமினார். "தண்ணிய மூணு கை அள்ளி விடுங்கோ. அது போதும்." காரியம் முடிந்தது.

அந்த வேட்டியைப் பிறகு வேறொரு கையில் கொடுத்து, கையை மட்டும் காட்டிப் படம் எடுத்ததாக இசக்கி சொன்னான். மலரில் அந்தப் படம் வரும். 'ஸ்தாபகரின் வேட்டி' என்று கீழே இருக்கும். அந்தப் பையை எங்கோ ஒரு குளிர் ஊரில் ஒருவர் தோளில் மாட்டிக்கொண்டு, நல்லது செய்தோம் என்று நடப்பார். அவருக்கு இந்தக் கட்டுரை போய்ச் சேராது. உங்களுக்குச் சேரும். அது அணைந்தபெருமாள் அண்ணாச்சியின் வேட்டி இல்லை. அவர் அந்தத் திட்டத்தின் தந்தை இல்லை. அதைப் பார்த்து முகம் சுளித்து எழுந்து போனவர்.

மதினி கடைசியாக ஆற்றில் இறங்கி முழுகினார். எழுந்தார். மாற்றுச் சேலையோடு காத்திருந்த பெண்கள், "உடுத்ததை அங்கேயே விட்டுட்டு வா" என்றார்கள். அவர் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. உடுத்திய சேலையோடு, நீர் சொட்டச் சொட்ட, ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். அவருக்குப் பின்னால் ஆற்றில் எதுவும் மிதக்கவில்லை.

அண்ணாச்சி, நீங்கள் ஏசியதை எல்லாம் ஏசியபடியே எழுதியிருக்கிறேன். நல்லபடியாகப் போய்ச் சேருங்கள்.

மதினியும் நானும் பஸ்ஸில் விக்கிரமசிங்கபுரம் திரும்பினோம். நான் அண்ணாச்சியின் வேட்டிகளில் வெட்டிய அந்தச் சதுரத் துணிக்கட்டுகளை எடுத்துக்கொண்டு போய் முதல் லேத்துப் பட்டறையில் ஒன்றைக் கொடுத்துவிட்டு, அடுத்த பட்டறைக்கு நடந்தேன்.